ரத்தம் ஊறச் சொல்லும் இடம்

சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம் எனக்கு ரத்தம் குறைவு என்று சொன்னார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் ஒரு முழுத் தவக்காலம் கிடக்கிறது. அந்தத் தவக்காலத்தில் என் மனைவி ஜெசிந்தா எனக்குச் சமைத்துப் போட்டதையும், அதன் பிறகு நடந்ததையும் வரிசை மாறாமல் எழுதிவைக்க நினைக்கிறேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லை. இதே வழியில் வரப்போகிற யாருக்காவது பயன்படலாம். படாமலும் போகலாம்.

எங்கள் வீடு விளாங்குடியில். ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. விடுமுறை நாட்களில் நாகமலைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் அலைந்து, எந்த மடை எப்போது கட்டப்பட்டது, எந்தக் கல்லில் எந்த ஆண்டு பொறித்திருக்கிறது என்று பார்த்து வருவேன். மார்கழிக்குப் பிறகு அந்த அலைச்சல் முடியாமல் போனது. கரை ஏறினாலே மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் ஓர் ஆசிரியை, "சார், மூஞ்சி இப்படி வெளுத்துப் போயிருக்கே, கண்ணாடியே பாக்குறதில்லையா?" என்று கேட்ட பிறகுதான் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்புப் பொருள், இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். ஏன் குறைந்தது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மதுரையில் ரத்தம் குறைவு என்று சொன்னால் கேட்பவர் வாயில் வரும் அடுத்த சொல் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல் அது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். அந்தப் பொறுப்பை ஜெசிந்தாவின் தம்பி சேவியர் ஏற்றுக்கொண்டான். விடிந்ததும் திண்டுக்கல் ரோட்டுக் கறிக்கடையில் போய் நிற்பான். "மச்சான், ஒங்க புண்ணியத்துல கடைக்காரன் என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறான். அம்புட்டு மரியாதை. அடுத்த எலெக்சன்ல நிக்கலாம்னு இருக்கேன்" என்பான்.

சிக்கல் ஒன்றுதான் இருந்தது. எங்கள் வீட்டில் சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டைகூட உடைக்க மாட்டார்கள். கறிச்சட்டியைத் தேய்த்துப் பரணில் கவிழ்த்துவிடுவது ஜெசிந்தாவின் வழக்கம். அவள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள்.

"நோயாளிக்கு ஒறுத்தல் கெடையாதும்மா. சாப்பிடட்டும்" என்றிருக்கிறார் சாமியார்.

"அவுகளுக்குச் சரி சாமி. சமைக்கிறவளுக்கு?"

"சமைக்கிறது பாவம் இல்ல. நீ ருசி பாக்காம இருந்துக்க."

அப்படியே இருந்தாள். தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தவக்காலத்தில் கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். உப்பு பார்க்க முடியாததால் தினமும் என் எதிரில் உட்கார்ந்து, முதல் கவளம் இறங்குவதற்குள், "உப்புச் சரியா இருக்கா?" என்று கேட்பாள். சரியாக இருக்கிறது என்பேன். உண்மையில் எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை. எதைத் தின்றாலும் பித்தளையை நக்கியதுபோல் ஒரு கசப்பு. இரும்பு மாத்திரையின் வேலை என்று நினைத்தேன். கழிவு வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கினால் நாக்கு அப்படி ஆகும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

சுவரொட்டியோடு ஈரல், முருங்கைக்கீரை சூப், பீட்ரூட், மாதுளைச் சாறு, படுக்கும் முன் பாலில் ஊறிய பேரீச்சம்பழம் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும், உடம்பு சூடாகிவிட்டது என்று இளநீரும் சேர்ந்தது. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்பது எங்கள் தெருவே நம்புகிற மருத்துவம். எதிர்வீட்டு அக்கா தன் கொல்லைச் செம்பருத்தியைக்கூடப் பறித்துக் கொடுத்தார்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழப் பார்த்தேன். கால்கள் எழவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சொன்னால் கேட்கவில்லை, அவ்வளவுதான். நெஞ்சு ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு அடித்தது. சேவியர் ஆட்டோவைக் கொண்டுவந்து என்னைத் தூக்கிப் போட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

இசிஜி எடுத்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஓர் இளம் டாக்டர் வந்து கையில் ஊசியை ஏற்றியபடியே ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"சாப்பாடெல்லாம் என்னம்மா குடுத்தீங்க?"

அவள் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள்போல் சொன்னாள். ஒன்றும் விடவில்லை. சுவரொட்டியில் தொடங்கி இளநீர் வரை, எது எந்த வேளைக்கு என்று சொன்னாள். குறை வைக்கவில்லை என்று காட்டிவிடும் அவசரம் குரலில் இருந்தது. டாக்டர் நிமிர்ந்தார்.

"யாரும்மா இதெல்லாம் குடுக்கச் சொன்னது?"

"ரத்தம் ஊறணும்ல டாக்டர்."

"ஐயோ அம்மா! இதுல பாதி பொட்டாசியம். கிட்னி வேல செய்யாதவருக்கு இது வெசம். இன்னும் ரெண்டு எளநி குடுத்திருந்தா இங்க கொண்டுவந்திருக்கவே மாட்டீங்க."

அவர் கெட்டவர் இல்லை. என் இதயத்தை நிற்காமல் பிடித்து வைத்ததும் அவர்தான். ஆனால் அந்த வாக்கியம் ஜெசிந்தாவின் முகத்தில் போய் விழுந்ததை நான் படுத்தபடியே பார்த்தேன். கையிலிருந்த பையை அவள் தரையில் வைத்தாள். அதற்குள் மாதுளை இருந்தது.

பொட்டாசியம் என்பது பழங்களிலும் கீரைகளிலும் கறியிலும் உள்ள ஓர் உப்பு. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் அது தசையைத் தளர்த்தும், கடைசியில் இதயத்தை நிறுத்தும். கழுத்து நரம்பில் ஒரு குழாயைச் செருகி அன்றே டயாலிசிஸ் செய்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஓர் இயந்திரத்தின் வடிகட்டியில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது. நான்கு மணி நேரம் என் ரத்தம் எனக்கு வெளியே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் சிறுநீரக மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண், சத்தமில்லாத பேச்சு. டாக்டரம்மா என்றே நாங்கள் அழைத்தோம். "கொஞ்ச வாரம் டயாலிசிஸ்ல வச்சுப் பாப்போம். சில பேருக்குக் கொஞ்சம் திரும்பி வரும். வந்தா யூரின் கூடும். வரலைன்னா கையில ஃபிஸ்டுலா போட்டுரலாம்" என்றார். கையின் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பதுதான் ஃபிஸ்டுலா. தைத்த பிறகு அந்தச் சிரை பருத்துத் தடிக்கும். அதில் ஊசி குத்தி டயாலிசிஸ் செய்யலாம். கழுத்துக் குழாய் தற்காலிகம். கை என்றால் நிரந்தரம்.

ஜெசிந்தா அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்த அன்றே சமையலறை மாறியது. காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்த நீரையும் கொட்டி, சத்தெல்லாம் போன சக்கையைத் தாளித்துத் தந்தாள். அதையே அவளும் தின்றாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கறிக்கடைப் பக்கமே சேவியரை விடவில்லை. "மாப்ள, கடைக்காரன் இப்ப ஒக்காந்துட்டானா?" என்று நான் கேட்டதற்கு அவன் சிரிக்க முயன்றான். "அவென் என்னைய ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான் மச்சான்." தினமும் காலையில் கழிவறைக் கதவருகே நின்று ஜெசிந்தா கேட்பாள்: "இன்னைக்கு எம்புட்டு?" ஒரு நாள் சற்றுக் கூடுதலாக வந்தபோது கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் அதுவும் இல்லை.

வாரத்தில் மூன்று நாட்கள் டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலில் குபேந்திரன் என்ற சௌராஷ்டிரர் இருப்பார், கீழவாசல் பக்கம் ஜவுளி வியாபாரம். வீட்டுக்காரம்மாவிடம் அவர்கள் மொழியில் பொரிந்துவிட்டு, அதே மூச்சில் என்னிடம் தமிழுக்கு மாறுவார்.

"அண்ணே, இந்த மிசின் ரெண்டாங்கல்யாணம் மாதிரி. ஒரு நாள் வரலைன்னாக்கூட உசுர எடுத்துரும். எங்க வீட்டுக்காரிக்குப் பொறாமை."

"எத்தனை வருசமா வாறீங்க?"

"அதக் கேக்காதீங்க. எண்ணுனா அழுக வருது. நீங்க கைய இன்னும் போடலையா? கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு எத்தன நாளைக்குத் திரியப் போறீங்க? கிருமி ஏறிரும்ணே."

ஒரு டயாலிசிஸ் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் எனக்கு இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். வடிகட்டுவது சிறுநீரகத்தின் வேலை. அது கெட்டால் ரத்தம் ஏன் வற்ற வேண்டும்?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். வெளிப்புறம் ஒரு பட்டை, உள்ளே ஒரு மையம். பட்டையிலிருந்து மையத்துக்கு இறங்கி, கொண்டையூசி போல் வளைந்து, திரும்ப மேலே ஏறும் நுண்குழாய்கள். அவற்றைச் சுற்றி மயிரிழை ரத்தக் குழாய்கள். "நீங்க கேக்குற சமாச்சாரம் குழாய்ல இல்ல. ரெண்டு குழாய்க்கும் நடுவுல, இந்தச் சந்துல இருக்கு" என்று பேனாவால் புள்ளிகள் வைத்தார். பட்டையின் அடிப்பக்கம், மையத்தைத் தொடும் இடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தன. அங்கே உயிர்வளி குறைவாகவே வந்து சேரும். அந்தச் சந்துகளில் இருக்கும் செல்கள் அந்தக் குறையை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைக்குப் போய், ரத்த அணுக்களை வளரச் சொல்கிறது. அந்தச் சொல் போய்ச் சேராவிட்டால் எவ்வளவு இரும்பு தின்றாலும் மஜ்ஜை சும்மா இருக்கும். எனக்கு இப்போது தோலுக்கடியில் போடும் ஊசி அந்தப் பொருளின் செயற்கை வடிவம்.

இப்படி வளரச் சொல்லும் பொருள்கள் அங்கே இன்னும் சில உண்டு என்றார். வளைந்து மேலே ஏறும் தடித்த குழாயின் சுவரும், அதை அடுத்த வளைவின் சுவரும் ஒன்றைச் சுரக்கின்றன. தேய்ந்த குழாய்ச் செல்களைப் புதுப்பிப்பது அதன் வேலை. சந்துச் செல்களும் பழுதுபார்ப்புக்கென்று வேறொன்றைத் தருகின்றன. தழும்பு கட்டச் சொல்லும் ஒன்றும் உண்டு. அது காயம்பட்ட எல்லா இடத்திலிருந்தும் வரும்.

"அப்ப எனக்கு அந்தச் சந்துச் செல்லெல்லாம் செத்துப்போச்சா?"

"அதுதான் சார் கொடுமை. நெறைய சாகல. வேலை மாறிருச்சு. ரத்தத்துக்குச் சொல்லிக்கிட்டு இருந்த அதே செல்லு, இப்ப நார் நூத்துத் தழும்பு கட்டிக்கிட்டு இருக்கு."

இந்த விளக்கம் என்னை எப்படி உடைத்தது என்று சொல்வது கடினம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு தடித்த மருத்துவ நூலைத் தேடி எடுத்து, அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்துப்போயிருந்தால் அடக்கம் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். அவை உயிரோடு இருக்கின்றன, என் உடம்புக்குள் இருந்துகொண்டு, ஓயாமல் உழைத்து, என்னை மூடிக்கொண்டிருக்கின்றன.

வைகாசி பிறந்த வாரம் குபேந்திரன் சொன்னது நடந்தது. டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி. மறுபடி வார்டு, கிருமிக்கொல்லி, பழைய குழாயை எடுத்துவிட்டு மறுபக்கக் கழுத்தில் புதுக்குழாய். பில் கட்டும் ஜன்னலுக்கும் மருந்துக்கடைக்கும் சேவியர் நடந்துகொண்டே இருந்தான். எதை விற்றுப் பணம் கொண்டுவந்தான் என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மா ஜெசிந்தாவிடம் கண்டிப்பாகப் பேசினார்.

"இன்னொரு வாட்டி இப்படி வந்தா தாங்க மாட்டாரும்மா. ஃபிஸ்டுலா போட்டுருவோம்."

"இன்னுங் கொஞ்ச நாள் பாப்போம் டாக்டரம்மா. திரும்பி வரும்னு சொன்னீங்கள்ல."

"சில பேருக்குன்னு சொன்னேன்."

"நான் இப்ப சுத்தமா எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஒரு பழம்கூட வீட்டுல கெடையாது. அதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்க வேண்டாமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சம்மதம் சொல்லியிருக்கலாம். என் கை, என் உயிர். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை. தன் கையால் போட்ட சோறு என்னைக் கெடுத்தது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். வார்டில் என் கட்டிலருகே உட்கார்ந்து, "ருசி பாத்திருந்தா எனக்காச்சும் தெரிஞ்சிருக்குமோ?" என்று ஒரு முறை கேட்டாள். தவக்காலத்தில் கறிச்சட்டியை அடுப்பில் ஏற்றியதற்கான தண்டனை என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். தன் சிறுநீரகம் ஒன்றைத் தரலாமா என்றும் டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை நோய், முடியாது என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அதுவும் சேர்ந்துகொண்டது.

இந்தக் குற்றத்தை அவள் தலையிலிருந்து இறக்கிவிட்டால் போதும், ஃபிஸ்டுலாவுக்கு ஒத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் டாக்டரம்மா தனியாக வந்தபோது கேட்டேன்.

"டாக்டரம்மா, இது எப்ப ஆரம்பிச்சது?"

அவர் ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. வெளிப்பட்டை நூலாக மெலிந்திருந்தது. "திடீர்னு கெட்ட கிட்னி இப்படிச் சுருங்காது சார். இது வருசக்கணக்கு. எந்த வருசம்னு என்னால சொல்ல முடியாது. அமைதியாத் தேஞ்சிருக்கு."

"அப்ப சாப்பாட்டால வந்தது இல்ல?"

"இல்லவே இல்ல. சாப்பாடு உங்கள அன்னைக்கு இங்க கொண்டாந்து சேத்துச்சு. அம்புட்டுத்தான். அது இல்லைன்னாலும் கொஞ்ச நாள்ல வந்திருப்பீங்க."

கல்லில் ஆண்டு அழிந்துபோயிருந்தாலும் எதன்மேல் எது கட்டப்பட்டது என்று பார்த்து முன்பின் சொல்லிவிடலாம். அந்த முறையில் யோசித்தேன், உடனே விளங்கியது. ரத்தம் குறைந்ததால்தான் ஜெசிந்தா சுவரொட்டி வாங்கினாள். ரத்தம் குறைந்ததே அந்தச் சந்துச் செல்கள் எப்போதோ வேலையை விட்டதால். ஆக, அவள் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவளால் என்னைக் கெடுத்திருக்கவே முடியாது. கெடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருந்திருக்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சந்தோஷம் போன்ற ஒன்று வந்தது.

பிற்பகலில் அவள் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். மூடியைத் திறக்கும் முன்பே சொல்லத் தொடங்கினேன். ஸ்கேன் உறையிலிருந்த படத்தைக் காட்டினேன். பட்டை, மையம், சந்து, புள்ளிகள். முதலில் எது, அடுத்தது எது என்று விரலை வைத்து வைத்து விளக்கினேன்.

"பாரு, நீ போட்ட சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. எல்லாம் வருசக்கணக்கா முன்னாடியே நடந்து முடிஞ்சது. ஓம் மேல ஒரு தப்பும் இல்ல ஜெசி."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலடைகிறாள் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான் சொன்னாங்களா?"

"நெசமாத்தான்."

"நான் குடுத்ததால இல்ல."

"இல்ல."

கூடையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை.

"நாந்தான் கெடுத்தேன்னா, நான் நிறுத்துனா சரியாப் போயிரும்னு இருந்தேங்க. அத வச்சுத்தான் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்தேன். இப்ப நான் என்னத்த நிறுத்த?"

வார்டில் யாரோ நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் நரம்பு ஓடும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கைதான?" என்றாள். "போடச் சொல்லிருங்க."